மாதம் பாதியில் மாஸ்டர் போனால்

மேன்ஷன்கள் நிறைந்த தெருவில் ஒரு மெஸ். சம்பளம் வந்ததும் அங்கே சாப்பிடுகிறவர்கள் முதலில் வாங்குவது அந்த மாதத்துச் சாப்பாட்டு டோக்கன். முப்பது நாளுக்கான பணம் ஒன்றாம் தேதியே கல்லாவுக்குப் போய்விடும். எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? அடுப்படியில் நிற்கிற மாஸ்டரின் கைப்பக்குவத்தை நம்பி. பதினைந்தாம் தேதி மதியம் சோற்றில் ரசம் விழுகிறது, ருசி வேறு. விசாரித்தால், மாஸ்டர் நேற்று ராத்திரியே பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்குப் போய்விட்டார் என்கிறார் சப்ளையர். அவராகவும் போகவில்லை. முதலாளிதான் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்திருக்கிறார். டோக்கனில் பாதி இன்னும் கிழிக்கப்படாமல் கையில் இருக்கிறது.

இங்கிலாந்துக் கால்பந்தில் ஜனவரிக் கடைசி வந்தாலே ஏதோ ஓர் ஊர் ரசிகர்களுக்கு இந்த அனுபவம் நேர்கிறது. அங்கே சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். சீசன் டிக்கெட்டைக் கோடையிலேயே வாங்கிவிட வேண்டும். மேல் டிவிஷனான பிரீமியர் லீகில் சொந்த மைதானத்தில் நடக்கும் 19 ஆட்டங்களுக்கான பணமும் முதல் ஆட்டத்துக்கு முன்பே கிளப்பிடம் சேர்ந்துவிடும். பாதி ஆட்டங்கள் முடிந்த நிலையில், யாரைப் பார்க்கப் பணம் கட்டினாரோ அந்த ஆட்டக்காரர் வேறொரு சட்டையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கிறார். ரசிகர் கொதிக்கிறார். உடனே அறிவுரை வருகிறது: கால்பந்து ஒரு தொழில், உணர்ச்சிவசப்படாதே.

அந்தக் கோபத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். கிளப் எப்படி நடக்கிறது என்று அடுப்படியிலிருந்து கல்லாப்பெட்டி வரை நடந்து பார்த்தால், புத்தகத்தைத் திறக்காமலேயே கணக்கைச் சரியாகப் படித்திருப்பவர் ரசிகர்தான் என்று தெரியும். பார்ப்பதற்கு எடுத்துக்கொள்வது லீட்ஸ் யுனைடெட் கிளப்பை. காலம், 2003 ஜனவரி.

அட்வான்ஸும் கதவும்

நம் ஊர் ஹோட்டல் தொழிலில் மாஸ்டர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சேர்வது உண்டு. இன்னொரு முதலாளி அவரை அழைத்துப்போக நினைத்தால், பழைய முதலாளியிடம் அந்தத் தொகையைத் தீர்த்துவிட்டு அழைத்துப்போவார். டிரான்ஸ்ஃபர் தொகை என்பதும் ஏறத்தாழ இப்படித்தான். வேறுபாடு என்னவென்றால், ஆட்டக்காரர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. கிளப்போடு மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்; அது முடியும்வரை அவருடைய பதிவு கிளப்பிடம் இருக்கும். நடுவில் வேறொருவர் கேட்டால், மிச்சக் காலத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஒரு விலை. அந்த விலைதான் டிரான்ஸ்ஃபர் தொகை.

ஆகவே ஆட்டக்காரரின் விலையில் அவருடைய திறமை பாதி, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் நாள் பாதி. 1995 டிசம்பரில் போஸ்மான் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர் தொகை எதுவும் இல்லாமலே வேறு கிளப்பில் சேரலாம் என்றாகிவிட்டது. லீட்ஸின் நடுக்கள ஆட்டக்காரர் லீ போயரை 2002 கோடையில் 9 மில்லியன் பவுண்டுக்கு வாங்க லிவர்பூல் பேசியது, பேச்சு முறிந்துபோனது. அவருடைய ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிய இருந்தது. 2003 ஜனவரியில் வெஸ்ட் ஹாமுக்கு அவரை லீட்ஸ் கொடுத்தது 1 லட்சம் பவுண்டுக்கு. தொண்ணூறில் ஒரு பங்கு. மாஸ்டரின் கை அதே கைதான். நாள் மட்டும் தேய்ந்துவிட்டது.

சீசன் நடுவில் விற்கிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான்: இப்போது விற்காவிட்டால் பிறகு ஒன்றும் கிடைக்காது. பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே முதலாளிக்குத் தெரிந்த விஷயம். அதைக் கடைசி ஆறு மாதம் வரை ஓடவிட்டது யார் என்று ரசிகர் கேட்பதில் என்ன தவறு?

அடுத்தது கதவு. ஊரில் உள்ள மெஸ்களெல்லாம் கூடி, மாஸ்டர்கள் இடம் மாறுவது கோடையிலும் பிறகு ஜனவரியிலும் மட்டும்தான், மற்ற மாதங்களில் யாரும் யாரையும் இழுக்கக் கூடாது என்று விதி போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? டிரான்ஸ்ஃபர் விண்டோ அதுதான். ஃபிஃபாவின் விதிக்கு இணங்க இங்கிலாந்தில் இது நடைமுறைக்கு வந்தது 2002-03 சீசனில். அதற்கு முன்பு மார்ச் கடைசி வரை எந்த வாரமும் வாங்கலாம், விற்கலாம். கையில் காசில்லாத கிளப்கூட நல்ல விலை வரட்டும் என்று சில வாரம் பொறுத்துப்பார்க்க அதில் இடம் இருந்தது. 2003இல் வந்தது இங்கிலாந்தின் முதல் ஜனவரி விண்டோ. கடன்காரர் வாசலில் நிற்கிறார், கதவு 31ஆம் தேதியோடு சாத்தப்படும், அடுத்து திறக்கக் கோடை வர வேண்டும். வாங்க வருகிறவருக்கும் இது தெரியும். அவர் சொன்னதுதான் விலை.

போனவருக்குப் பதில் ஆள் தேடுவதும் அதே கதவு வழியாகத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 2011 ஜனவரி 31 அன்று நியூகாஸில் யுனைடெட், ஆண்டி கேரலை லிவர்பூலுக்கு 35 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. கேரல் நியூகாஸில் நகரத்தை ஒட்டிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்ஸ்ஹெட்டில் பிறந்தவர், அந்த ஊர்க்காரர்கள் போற்றும் 9ஆம் எண் சட்டையைப் போட்டவர். அதே நாளில் லிவர்பூல் தன் ஃபெர்னாண்டோ டோரஸை 50 மில்லியனுக்கு செல்சிக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பணம் கேரலைத் தேடி வந்தது. லிவர்பூலிலிருந்து டோரஸ் போனார், கேரல் வந்தார். சங்கிலியின் கடைசியில் நின்ற நியூகாஸிலிலிருந்து கேரல் போனார், அவருக்குப் பதிலாக முன்கள ஆட்டக்காரர் யாரும் வரவில்லை. விண்டோ மூடிய பிறகு எந்தக் கிளப்பிலும் இல்லாமல் இருந்த ஷெஃப்கி குகியைச் சேர்த்துக்கொண்டு மிச்ச சீசனை ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்த அணி ஐந்தாம் இடம் பிடித்தது என்பதை விற்றவர்களுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கான டிக்கெட் முன்பே விற்றாகிவிட்டது.

டோக்கன் புத்தகத்தின் மேல் கடன்

இனி லீட்ஸ். வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெரிய நகரம். ஆனால் அந்த நகரத்துக்குப் பெரிய கால்பந்துக் கிளப் ஒன்றே ஒன்றுதான். 1990களின் கடைசியில் அந்தக் கிளப்பின் அகாடமியிலிருந்து ஹேரி கியூவெல், ஜொனாதன் உட்கேட், ஆலன் ஸ்மித், கோல்கீப்பர் பால் ராபின்சன் என்று ஒரு கூட்டமே கிளம்பி வந்தது. பாத்திரம் கழுவ வந்த பையன்கள் வெங்காயம் நறுக்கி, மாவு பிசைந்து, இருபது வயதுக்குள் பெரிய அடுப்பின் முன்னால் கரண்டி பிடித்து நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மேலாளர் டேவிட் ஓ'லியரி அவர்களை நம்பி ஆடவைத்தார். 1999-2000இல் லீக்கில் மூன்றாம் இடம். அடுத்த சீசனில் ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, வலென்சியாவிடம்தான் தோற்றார்கள்.

வீட்டில் வளர்ந்த மாஸ்டர்கள் போதாது, பெரிய பெரிய மெஸ்களிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும் என்று கிளப்புக்கு ஆசை வந்தது. தலைவராக இருந்தவர் பீட்டர் ரிட்ஸ்டேல். 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டை வெஸ்ட் ஹாமிலிருந்து 18 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார்கள். அதுவரை பிரிட்டனில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பிறகு ராபி கீன், 12 மில்லியன். பிறகு ராபி ஃபௌலர், ஏறத்தாழ 11 மில்லியன். சம்பளங்களும் அதற்குத் தகுந்தபடி ஏறின.

இத்தனை செலவும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது: ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றுவிடுவோம், அந்தப் பணம் வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். 2000-01 சீசனில் இங்கிலாந்திலிருந்து முதல் மூன்று இடத்துக்காரர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. அந்த சீசன் முடிவில் லிவர்பூல் 69 புள்ளியோடு மூன்றாவது, லீட்ஸ் 68 புள்ளியோடு நான்காவது. ஒரு புள்ளியில் கை நழுவியது. அடுத்த ஆண்டு ஐந்தாம் இடம்.

ஆசைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை மிகவும் உலுக்குகிற பகுதி. 2001இல் லீட்ஸ் 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியது. அதற்கு ஈடாகக் காட்டியது, இனிமேல் விற்கப்போகிற டிக்கெட்டுகளின் வருமானத்தை. அடைப்பதற்குக் காலம் 25 ஆண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மெஸ் முதலாளி வட்டிக்கடைக்குப் போகிறார். நகை இல்லை, பத்திரம் இல்லை. "என்னிடம் தினமும் சாப்பிட வருகிறவர்கள் வேறெங்கும் போக மாட்டார்கள். அடுத்த 25 ஆண்டுக்கு அவர்கள் வாங்கப்போகும் டோக்கன் பணத்தை எழுதித் தருகிறேன்" என்கிறார். வட்டிக்கடைக்காரரும் தலையாட்டுகிறார். அவருக்குத் தெரியும், இந்த வாடிக்கையாளர்கள் சாம்பார் புளித்தாலும் வருவார்கள், சோறு குழைந்தாலும் வருவார்கள். அடகுக்குப் போனது அவர்களுடைய விசுவாசம். 2001இல் ஒரு லீட்ஸ் தகப்பன் ஏழு வயது மகனை முதல்முறையாக எலண்ட் ரோடு மைதானத்துக்கு அழைத்துப்போயிருந்தால், அந்தப் பிள்ளைக்கு 32 வயது ஆகும்வரை வாங்கப்போகும் டிக்கெட்டின் பணம் அப்போதே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. தகப்பனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இது போக, சில ஆட்டக்காரர்களை லீட்ஸ் கைக்காசு கொடுத்து வாங்கவில்லை. நிதி நிறுவனம் பணம் போட, கிளப் தவணை கட்டியது. அப்படிப்பட்டவர் விற்கப்படும்போது வரும் தொகையில் தவணைக்காரரின் பங்கு முதலில் போய்விடும். மிச்சம்தான் கல்லாவுக்கு.

ஊர்ப் பையன் ஏன் முதலில் போகிறான்?

கல்லாப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கால்பந்துச் செய்திகள் வேறு மாதிரித் தெரியும். ஓர் ஆட்டக்காரரை 10 மில்லியனுக்கு, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 மில்லியனும் வாங்கிய ஆண்டுச் செலவாக எழுதப்படாது. ஆண்டுக்கு 2 மில்லியன் என்று பிரித்து எழுதுவார்கள். மூன்று ஆண்டு கழிந்தால் புத்தகத்தில் அவருடைய மதிப்பு 4 மில்லியன். அப்போது 9 மில்லியனுக்கு விற்றால் அந்த ஆண்டுக் கணக்கில் 5 மில்லியன் லாபம்.

பாத்திரம் கழுவ வந்து மாஸ்டரான பையனுக்கு யாரும் டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்கவில்லை. புத்தகத்தில் அவன் மதிப்பு சுழி. அவனை 9 மில்லியனுக்கு விற்றால் 9 மில்லியனும் லாபம். நஷ்டம் காட்டக் கூடாது என்ற நெருக்கடியில் இருக்கும் முதலாளியின் கண் யார்மேல் விழும்? "நம்ம பையன்" என்று மைதானமே கொண்டாடுகிறவன்தான் புத்தகத்தில் மிக லாபகரமான சரக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் கசப்பது இதுதான். ஒரு கிளப் எதைச் செய்தால் ரசிகர் நெஞ்சு நிறையுமோ, அதையே முதலில் விற்கச் சொல்கிறது கணக்குமுறை.

வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கியவரின் கதை தலைகீழ். ராபி ஃபௌலர் 2003 ஜனவரிக் கடைசியில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். வாங்கிய விலையில் பாதியளவுதான் பேசப்பட்டது, அதிலும் ஒரு பகுதி உடனே, மீதி பிற்பாடு. அவருடைய சம்பளம் சிட்டிக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால், அதில் ஒரு பங்கை லீட்ஸே தொடர்ந்து கொடுக்க ஒப்புக்கொண்டது. மாஸ்டர் பக்கத்துத் தெருவில் பொரியல் தாளிக்கிறார். சம்பளத்தில் பாகம் இங்கிருந்து போகிறது. அதைக் கொடுக்கும் கல்லாவை நிரப்பியவர்கள் இங்கே ருசி மாறிய ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஜனவரி

2002 ஜூலையில் ஃபெர்டினாண்டை ஏறத்தாழ 30 மில்லியன் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெடுக்கு விற்றார்கள். லீட்ஸ்காரர்களுக்கு அதைவிடப் பொறுக்க முடியாத முகவரி கிடையாது. ஆனாலும் அது கோடையில் நடந்தது. ஆகஸ்டுக்குள் அணியைச் சரிசெய்துகொள்ள நாள் இருந்தது. ஓ'லியரி அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தார். இங்கிலாந்து அணியின் முன்னாள் மேலாளர் டெர்ரி வெனபிள்ஸ் வந்திருந்தார். ஆகஸ்டு முடிவதற்குள் கீன் 7 மில்லியனுக்கு டாட்டன்ஹாமுக்குப் போனார்.

ஜனவரியில் போயர் போனார். ஒலிவியே டகூர் ரோமா கிளப்புக்குக் கடனாக அனுப்பப்பட்டார். ஃபௌலர் போனார். இனி யாரும் போக மாட்டார்கள் என்று ஊர் மூச்சுவிட்ட வேளையில், 31ஆம் தேதி, 23 வயது உட்கேட் 9 மில்லியன் பவுண்டுக்கு நியூகாஸிலுக்கு விற்கப்பட்டார். அகாடமிப் பையன், தடுப்பாட்டத்தில் இனிப் பத்தாண்டு இவர்தான் என்று எல்லோரும் நம்பிய ஆள். ரிட்ஸ்டேலும் வெனபிள்ஸும் அருகருகே உட்கார்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். உட்கேட்டை இழக்க மாட்டோம் என்று நம்பியிருந்த வெனபிள்ஸ் தன் வருத்தத்தை முகத்திலிருந்து மறைக்கவே இல்லை. இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டாம்தான், ஆனாலும் ஒரு கனவை வாழ்ந்து பார்த்தோம் என்ற பொருளில் ரிட்ஸ்டேல் பேசினார்.

யாருடைய கனவு, யாருடைய காசில்? 25 ஆண்டு டிக்கெட் பணத்தை அடகு வைத்து ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். கடன் நெருக்கியதும் ஆட்டக்காரர்களை விற்றார்கள். ரசிகரிடம் கடைசியில் எஞ்சியது கடன் மட்டும். அதை அடைக்க அவர் வாங்க வேண்டிய டிக்கெட்டும். எலண்ட் ரோடு முன்னால் கூடிக் கத்தியவர்கள் இந்தக் கணக்கைத்தான் கத்தினார்கள். அதில் உணர்ச்சி இருந்தது, இல்லாமல் எப்படி? அதன் ஒவ்வொரு வரியும் கணக்கோடு ஒத்துப்போனது என்பதுதான் முக்கியம்.

மாஸ்டர் ஒருவர் போனால் அவர் செய்யும் ஓர் உணவு மட்டும் கெடும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். அடுப்படியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: பதம் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் இரண்டாம் மாஸ்டர் தடுமாறுவார், கறிகாய் நறுக்குகிறவர் எவ்வளவு நறுக்குவது என்று தெரியாமல் நிற்பார், நல்ல வேலைக்காரர்கள் அடுத்த இடம் தேட ஆரம்பிப்பார்கள். லீட்ஸிலும் அதுதான். 2003 மார்ச்சில் வெனபிள்ஸ் வெளியேறினார். அந்த மாதமே ரிட்ஸ்டேலும் விலகினார். பீட்டர் ரீட் பொறுப்பேற்றார். அந்த அணியிலும் மானம் மிச்சம் இருந்தது: மே 4 அன்று ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தார்கள். வெற்றி கோல் மார்க் விடூகாவுடையது. 15ஆம் இடம்.

அந்த ஆண்டுக் கணக்கில் நஷ்டம் 49.5 மில்லியன் பவுண்டு என்று அறிவித்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் அதுவரை காணாத தொகை. கியூவெல் லிவர்பூலுக்குப் போனார். 2004 மே மாதம் லீட்ஸ் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. ஸ்மித், ராபின்சன், விடூகா, பதின்ம வயது ஜேம்ஸ் மில்னர் எல்லோரும் அந்தக் கோடையில் போனார்கள். கடைசியில் மைதானத்தையே விற்று, அதே மைதானத்துக்கு வாடகை கட்டி ஆடினார்கள். 2007இல் திவால் நடவடிக்கை, புள்ளிக் குறைப்பு, மூன்றாம் டிவிஷன். மைதானத்தைக் கிளப்பின் உரிமையாளர் திரும்ப வாங்கியது 2017இல். மேல் டிவிஷனுக்குத் திரும்பியது 2020இல். பதினாறு ஆண்டு.

விற்பதே தவறா?

இல்லை. 2018 ஜனவரியில் லிவர்பூல் தன் அருமையான ஆட்டக்காரர் ஃபிலிப் கூட்டினியோவை பார்சிலோனாவுக்கு விற்றது. எல்லாம் சேர்த்து 142 மில்லியன் பவுண்டு வரை வரும் ஒப்பந்தம். சீசன் நடுவில்தான். அவருடைய ரசிகர்கள் வருந்தத்தான் செய்தார்கள். ஆனால் சில நாள் முன்புதான் தடுப்பாட்டக்காரர் வெர்ஜில் வான் டைக் 75 மில்லியனுக்கு வந்து சேர்ந்திருந்தார். கோடையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். 2019 மே 7 அன்று கூட்டினியோ இடம்பெற்ற பார்சிலோனாவை லிவர்பூல் தன் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 4-0 என்று வென்று, அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் தூக்கியது. பெரிய மாஸ்டரை விட்டுக்கொடுத்த பணம் அடுப்படிக்கே திரும்பி வந்தது. சாப்பிட வந்தவர்கள் அதை நாக்கில் உணர்ந்தார்கள்.

அந்த வான் டைக் எங்கிருந்து வந்தார்? சவுத்ஹாம்ப்டனிலிருந்து, அதுவும் சீசன் நடுவில். லிவர்பூலின் நல்ல கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கையில் 75 மில்லியன் இருப்பது ஊருக்கே தெரிந்த நிலையில் சவுத்ஹாம்ப்டன் ஜனவரிச் சந்தைக்குப் போனது. கீடோ காரியோ என்ற முன்கள ஆட்டக்காரரைச் சுமார் 19 மில்லியனுக்கு வாங்கியது. லீக்கில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மேலாளர் மார்ச்சில் நீக்கப்பட்டார். 17ஆம் இடத்தில் முடித்து நூலிழையில் தப்பினார்கள். பணம் இருந்தது, ஆனால் அந்த மாதத்தில் நல்ல மாஸ்டரை விட்டுக்கொடுக்க எந்த மெஸ்ஸும் தயாராக இல்லை.

பிற்காலப் பிரீமியர் லீகில் நெருக்கடி வேறு வழியாகவும் வந்தது. மூன்று ஆண்டில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்ற விதியை மீறியதற்காக 2023 நவம்பரில் எவர்ட்டனுக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2024 மார்ச்சில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி குறைந்தது. ஃபாரஸ்ட் தன் அகாடமிப் பையன் பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு விற்றது அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 1இல். கணக்காண்டு முடிந்தது ஜூன் 30இல். பொறுத்திருந்து விற்றதால்தான் கூடுதல் விலை கிடைத்தது என்று கிளப் வாதிட்டது, எடுபடவில்லை. கண்மூடித்தனமான செலவைத் தடுக்க வந்த விதி இது. லீட்ஸ் பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படி ஒரு விதி தேவை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் விதி கேட்டது லாபத்தை. லாபம் முழுதாக இருந்ததோ வீட்டில் வளர்ந்த பையனிடம். ரசிகரின் நெஞ்சுக்கு நெருக்கமானவன் மறுபடியும் வரிசையில் முதலில் நின்றான்.

கையில் இருக்கும் டோக்கன்

ஜெர்மனியில் கிளப்களின் வாக்குரிமையில் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அங்கேயும் ஆட்டக்காரர்கள் விற்கப்படுகிறார்கள். ஆனால் 25 ஆண்டு டிக்கெட் பணத்தை அடகு வைக்க நினைக்கும் நிர்வாகி, அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் 2025இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. கிளப்களின் நிதி நிலையைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவாகியிருக்கிறது. கிளப்பின் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற நினைத்தால் ரசிகர்களைக் கேட்க வேண்டும். மைதானத்தை நினைத்தபடி விற்க முடியாது. இவையெல்லாம் லீட்ஸ் போன்ற ஊர்கள் பட்டு அனுபவித்ததிலிருந்து கிடைத்தவை. ஆட்டக்காரரை விற்பது அந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அடுப்படியில் யார் நிற்பது என்று சாப்பிட வருகிறவர்கள் கைதூக்கி முடிவு செய்ய முடியாது. ஆட்டக்காரருக்கும் தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவு உண்டு.

கேட்க வேண்டியது வேறு. விண்டோ மூடிய மறுநாள் கிளப் ஒரு தாளை வெளியிட வேண்டும். விற்ற தொகையில் இப்போது கைக்கு வந்தது எவ்வளவு, தவணையில் வரப்போவது எவ்வளவு, பழைய கடனுக்குப் போவது எவ்வளவு, போனவரின் சம்பளத்தில் நாம் இன்னும் சுமப்பது எவ்வளவு, அணிக்குத் திரும்புவது எவ்வளவு. ரசிகர் சங்கங்கள் கோடையில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். வட்டிக்கடைக்காரர் கணக்கைப் பார்க்காமல் ஒரு பவுண்டுகூடக் கொடுப்பதில்லை, முன்பணம் கொடுப்பவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? 2003 பிப்ரவரி 1 அன்று லீட்ஸ் அப்படி ஒரு தாளை எலண்ட் ரோடு வாசலில் ஒட்டியிருந்தால், உட்கேட்டுக்குக் கிடைத்த 9 மில்லியனுக்கு எதிரே அணிக்கு என்று எழுத அதில் ஒரு வரியும் இருந்திருக்காது.